புதன்கிழமை நவமி

டொறத்தியின் வீட்டில் ஒரு கலண்டர் ஒளிந்து வாழ்ந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறையின் கதவுக்கு உட்பக்கம், வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடத்தில் அது தொங்கியது. பீலெஃபெல்ட் நகரத்துத் தமிழ்க் கடையில் வருடம் பிறந்தால் இலவசமாகக் கொடுப்பார்கள். நாளுக்கு ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் இருக்கும். ஜெர்மன் விடுமுறை நாட்கள் சிவப்பில் இருக்கும். கலண்டரின் தலைப்பில் கடைக்காரர் பிள்ளையார் படம் போட்டிருந்தார். டொறத்தி அதன்மேல் மடு மாதாவின் படத்தை ஒட்டி, பாவத்தைச் சரிபாதியாக்கிக்கொண்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியார் நாள் நட்சத்திரம் பார்ப்பதைப் பற்றி இரண்டு பிரசங்கம் வைத்துவிட்டார். இரண்டு தடவையும் டொறத்தி பாவசங்கீர்த்தனம் செய்தாள். இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து, நாளைக்கு என்ன திதி என்று கதவைத் திறந்து பார்த்தாள். நாள் செய்வது நல்லார் செய்யார் என்று மன்னாரில் அவளுடைய தகப்பன் சொல்லுவார். அந்த மனிதர் மாதா கோயில் மூப்பராக இருந்தவர். அவருக்கே இருந்த குணம் மகளுக்கு வராமல் எங்கே போகும்?

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. கணவன் ராசன் சமையலறைத் தளபாடம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை என்று வந்து சேர்ந்தவன் லக்ஸன், அவளுடைய அக்கா றோசம்மாவின் மகன். ஐந்து வருடத்துக்கு முன் பத்தொன்பது வயதில் மன்னாரிலிருந்து வந்தான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை முதலில் ஒரு முறை மறுத்தார்கள், பிறகு நீதிமன்றமும் மறுத்தது. உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாம் என்றார்கள். சண்டை முடிந்தது உண்மைதான். ஆனால் றோசம்மாவின் வீட்டு வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, உங்கட மகன் எப்ப வாறார் என்று கேட்டுவிட்டுப் போவது முடியவில்லை.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஆள் பற்றாக்குறையான தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அவனை இங்கேயே வைத்திருக்கலாம். லக்ஸன் முப்பத்தெட்டு முதியோர் இல்லங்களுக்கு எழுதினான். முப்பத்தேழு இல்லங்கள் இல்லை என்றன, அல்லது பதிலே போடவில்லை. கொலோன் நகரத்தில் ஒரு இல்லம் மட்டும் சரி என்றது. அதன் பொறுப்பாளர் கெஸ்லர் என்கிற பெண்மணி. கணினியில் முகம் பார்த்து அரை மணி நேரம் அவனோடு பேசிவிட்டு, இந்தப் பையன் எனக்கு வேண்டும் என்றார். அன்றைக்கு டொறத்தி ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்து, ஒரு மூச்சு அழுதாள்.

ஒப்பந்தம் செவ்வாய்க்கிழமை மதியம் தபாலில் வந்தது. லக்ஸன் கையெழுத்துப் போட்டுவிட்டான். இனி அந்த அசல் தாளே திரும்பிப் போய், அதில் கெஸ்லர் அம்மா கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். தபாலில் போட்டால் வெள்ளிதான் போய்ச் சேரும். வெள்ளி காலை எட்டு மணிக்கு லக்ஸனை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அழைப்புக் கடிதம் வந்ததிலிருந்து, லக்ஸனின் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாவின் குரலே மாறிப்போயிருந்தது. "முடிந்தால் புதன்கிழமையே எனக்கு அனுப்புங்கள். கடைசி நேரம் வியாழன் மூன்று மணி," என்றார். டொறத்தியின் மனதில் பின்னதுதான் பதிந்தது.

லக்ஸன் போக முடியாது. ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று அவனுடைய தாளில் எழுதியிருந்தது. ஆகவே டொறத்திதான் போக வேண்டும். கொலோனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நாளைக்கு நாள் முழுக்க இருப்பேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்," என்றார் கெஸ்லர். "வியாழன் என்றால் பதினொரு மணி வரைக்கும்தான். வெள்ளி நான் லீவு."

டொறத்தி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அரிசி அறைக் கதவைத் திறந்தாள். புதன்கிழமை, நவமி. நவமியில் தொட்டது துலங்காது. இராமனே நவமியில் பிறந்துதானே காட்டுக்குப் போனான் என்று தகப்பன் சொல்லுவார், கோயில் மூப்பராக இருந்துகொண்டே. அடுத்த தாளைப் புரட்டினாள். வியாழக்கிழமை, தசமி, நல்ல நேரம் பத்தரை முதல் பதினொன்றரை. சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. விடுமுறை இல்லாத சாதாரண வேலை நாள். பதினொரு மணிக்குப் பிறகு இருக்கமாட்டேன் என்றால் கூட்டம் ஏதாவது இருக்கும், இல்லாவிட்டால் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள் என்று நினைத்தாள். ஜெர்மனியில் சிவப்பு எழுத்து இல்லாத ஒரு நாளில் பகல் பதினொரு மணிக்கு ஒரு அலுவலகத்தைப் பூட்டுவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"வியாழன் பத்தரைக்கு வருகிறேன்," என்றாள்.

பின்னேரம் ராசன் வேலையால் வந்து கேட்டான். "நாளைக்கே போனால் என்ன? நான் வேணுமெண்டால் லீவு போடுறன்."

"அவவுக்கு நாளைக்கு ஏலாதாம். வியாழன்தான் வரச்சொன்னவ," என்றாள் டொறத்தி. பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. நவமி என்று சொன்னால் அவன் கத்துவான். ஒரு நாள்தானே, ஒரு நாளில் என்ன குடி முழுகப் போகிறது என்று நினைத்தாள்.

வியாழன் காலை அவள் நீலச் சேலை கட்டினாள். இருபத்தேழு வருடத்துக்கு முன் அவளுடைய அகதி விசாரணைக்குக் கட்டிக்கொண்டு போன சேலை. அந்தச் சேலையில்தான் அவளுக்கு விசா கிடைத்தது. மேலே தடித்த கோட்டு, கீழே கம்பளிக் காலுறை, சப்பாத்து. ஒப்பந்தத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். லக்ஸன் வாசலில் நின்றான். பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"கவனம் சின்னம்மா."

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. இண்டைக்கு நல்ல நாள்," என்றாள்.

ரயில் டோர்ட்முண்ட் வரைக்கும் ரயிலாக இருந்தது. அங்கே ஏறியவர்களைப் பார்த்து டொறத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஐம்பது வயதுப் பெண்கள் ஆறு பேர், முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த, வண்டுச் சிறகு மாதிரியான சிவப்புச் செட்டை கட்டிக்கொண்டு, காலை ஒன்பதேகாலுக்கு வைன் போத்தலை உடைத்தார்கள். ஏதோ கலியாண வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த நிலையத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் ஏறினார்கள். அதற்கடுத்ததில் தேனீக்களும் ஒரு வாழைப்பழமும் ஏறினார்கள். வேஷம் போட்டுக் கொண்டாடுகிற கார்னிவல் அவளுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு வருடமும் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். ஆனால் அது திங்கட்கிழமை. தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின திங்கள். இன்றைக்கு வியாழன்தானே.

"இன்று பெண்களின் நாள், அம்மா," என்றது வாழைப்பழம். "பதினொரு மணி பதினொரு நிமிடத்துக்குத் தொடங்கும். அதன் பிறகு கொலோனில் ஒரு ஈ வேலை செய்யாது."

டொறத்தி நேரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது ஐம்பது. ரயில் டூசல்டோர்ஃபில் நின்றது. நின்றது நின்றதுதான். கதவு பூட்டவில்லை, பூட்ட விடாமல் சனம் ஏறிக்கொண்டே இருந்தது. இறங்குங்கள், இல்லாவிட்டால் வண்டி போகாது என்று ஒலிபெருக்கியில் ஒரு மனிதன் கெஞ்சினான். யாரும் இறங்கவில்லை. பாட்டுத்தான் பலத்தது. பத்தேகால், பத்தரை. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. டொறத்தி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னாள். பக்கத்தில் நின்ற கொள்ளைக்காரன் அவளுடைய சேலைத் தலைப்பில் பியரைச் சிந்திவிட்டு மன்னிப்புக் கேட்டான். இல்லத்தின் வரவேற்பு எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கொலோனில் அவள் இறங்கியபோது வெளியே ஆயிரக்கணக்கான தொண்டைகள் பின்னுக்கு எண்ணிக்கொண்டிருந்தன. மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு பேராலயத்தின் சுவரே அதிரும்படி ஒரு கூச்சல். நிலையத்து மணிக்கூட்டில் பதினொன்று பதினொன்று.

இல்லம் நகரத்தின் தெற்கே. டிராம் ஓடவில்லை. டொறத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள், நடையும் ஓட்டமும். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். உள்ளே கூடத்தில் முதியவர்கள் காகிதத் தொப்பி போட்டுச் சக்கர நாற்காலிகளில் வட்டமாக இருந்தார்கள், ஒருவர் அக்கோடியன் வாசித்தார். வேலையில் இருந்த தாதிக்கு மூக்கில் ஒரு சிவப்பு உருண்டை.

"கெஸ்லர் அம்மா போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேலே உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்," என்றாள் தாதி.

"தொலைபேசி?"

தாதி கெஸ்லரின் கைத்தொலைபேசி எண்ணை அழுத்தினாள். பூட்டியிருந்த அலுவலக அறைக்குள், மேசை லாச்சியிலிருந்து மணி அடித்தது. கூட்டத்தில் தொலைந்துபோகும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முத்திரையும் அதே லாச்சிக்குள். பூட்டுகளின் திறப்பு கெஸ்லரின் சட்டைப்பையில். வேறு யாரும் கையெழுத்து வைக்க முடியாதா என்று டொறத்தி கேட்டாள். அவர் ஒருவர்தான் என்றாள் தாதி. மூக்கு உருண்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த மரியாதை டொறத்திக்கு மேலும் பயத்தைக் கொடுத்தது. வைத்தியசாலைகளில் கெட்ட செய்தி சொல்லும்போது இப்படித்தான் செய்வார்கள்.

"பழைய சந்தைச் சதுக்கத்தில் தோழிகளோடு இருப்பார். ஐந்து பேர். எல்லாரும் கன்னியாஸ்திரி வேஷம்," என்று தாதி வழி காட்டினாள்.

சதுக்கத்துக்கு அவள் வந்தபோது பன்னிரண்டரை. தலைகளால் நிறைந்த ஒரு குளம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். டொறத்தியின் கண்ணுக்குக் கறுப்பெல்லாம் கெஸ்லர். முதலில் பிடித்த கன்னியாஸ்திரிக்கு மீசை இருந்தது. அடுத்து ஒரு கூட்டம் இளம் பெட்டைகள், முக்காட்டுக்குக் கீழே குட்டைப் பாவாடை. "கெஸ்லர்? கெஸ்லர்?" என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டாள். அவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். அன்றைக்கு அது அங்கே வழக்கம். ஒருத்தி சேலையைத் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகான வேஷம். அப்படியே அசல் மாதிரி இருக்கிறது. எங்கே எடுத்தீர்கள்?"

"கொழும்பில்," என்றாள் டொறத்தி. வேறு என்ன சொல்ல?

அவளுக்குக் கோபம் வந்தது. இந்தச் சனத்தின் மேல் இல்லை. அவர்கள் வருடத்தில் ஒரு நாள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சிவப்பு எழுத்தில் போடாமல் விட்ட கடைக்காரன் மேல் வந்தது. பிறகு அவன் மேலும் இல்லை. இது விடுமுறையே இல்லை, எந்தச் சட்டத்திலும் இல்லாத நாள், அவன் எப்படிப் போடுவான்? கோபம் சுற்றிச் சுற்றி வந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டொறத்தி நடு வீதியில் நின்று தன் கன்னத்தில் ஒரு அடி போட்டாள். பக்கத்தில் நின்ற கோமாளி அதைப் பார்த்துக் கைதட்டினான்.

தொலைபேசி அதிர்ந்தது. ராசன்.

"எங்கை நிக்கிறாய்? முடிஞ்சுதோ?"

"இல்லை. அவவைத் தேடுறன்."

"தேடுறியோ? பத்தரைக்கு வா எண்டு ரெர்மின் தந்திட்டு எங்கை போனவ? என்ன மனிசி இது?"

"பிறகு எடுக்கிறன்," என்று வெட்டினாள். அவளுக்கு அவனுடைய குரலைக் கேட்க ஏலாமல் இருந்தது.

ஒன்று இருபதுக்குப் பேராலயத்தின் பக்கச் சந்தில் ஒரு கன்னியாஸ்திரி தனியாக நடந்துபோவதைக் கண்டாள். உயரமான ஆள், கண்ணாடி. ஓடிப்போய்ச் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"கெஸ்லர் அம்மா?"

திரும்பிய முகத்துக்கு எழுபது வயது இருக்கும். கையில் பேக்கரியில் வாங்கிய ஒரு பாண் பை. "நான் அசல்," என்றார் அந்தக் கன்னியாஸ்திரி. "இன்றைக்கு இதை நூறு தடவை சொல்லிவிட்டேன்."

டொறத்திக்கு நெற்றியில் சிலுவை போடத்தான் தோன்றியது. பிறகு அழுகை வந்தது. இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தாள். தன் மகன் என்றே சொன்னாள். அக்காவின் மகன் என்று விளக்க நேரம் இல்லை.

"ஐந்து பேரா? ஒரு குழந்தைத் தள்ளுவண்டிக்குள் பியர் வைத்துத் தள்ளிக்கொண்டு?" என்றார் கன்னியாஸ்திரி. "ஆற்றங்கரைப் பக்கம் இருந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள்." பைக்குள் பாணுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் இருந்தது. "உங்களோடு சேர்ந்து ஒரு செபம் சொல்லட்டுமா?"

"நேரம் இல்லை, சிஸ்டர். நீங்கள் சொல்லிக்கொண்டிருங்கள்," என்றாள் டொறத்தி, ஓடிக்கொண்டே.

ஆற்றங்கரையில் தள்ளுவண்டியைக் கண்டாள். அதைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் சிவப்பு இதயம் வரைந்த ஒரு பெரிய கன்னியாஸ்திரி பாடிக்கொண்டிருந்தார். லக்ஸனுக்குப் பின்னால் நின்று கணினியில் பார்த்த அதே முகம். உறையை எடுத்து அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். கெஸ்லர் முதலில் சிரித்தார், இதுவும் ஒரு விளையாட்டு என்று. பிறகு பெயரை வாசித்தார். சிரிப்பு நின்றது.

"கடவுளே, லக்ஸன்." கையில் இருந்த போத்தலைத் தள்ளுவண்டிக்குள் வைத்தார். "எத்தனை மணிக்குள் வேண்டும்?"

"மூன்று."

"இப்போது ஒன்று ஐம்பது. வாருங்கள்."

அந்தப் பெண்மணியைக் குறை சொல்ல நாக்கு இல்லை. வருடத்தில் ஒரு நாள் அவருடைய நாள், அதை விட்டுவிட்டு நடந்தார். வேஷச் சப்பாத்து கடித்தது, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு பெப்ரவரிக் குளிரில் நடந்தார். கன்னியாஸ்திரியும் சேலைக்காரியும் கைபிடித்து ஓடுவதைக் கண்டு சனம் ஆரவாரம் செய்தது, படம் எடுத்தது. ஒருவன் இருவருக்கும் மிட்டாய் எறிந்தான்.

"நேற்று நான் நாள் முழுக்கச் சும்மாதான் இருந்தேன்," என்றார் கெஸ்லர், மூச்சு வாங்கிக்கொண்டு. "நேற்று வந்திருந்தால் இருந்து கோப்பி குடித்திருக்கலாம்."

டொறத்தி கேட்காத மாதிரி நடந்தாள்.

இல்லத்தில் லாச்சி திறந்தது. கெஸ்லர் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். தாதி தொலைநகலில் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று தாள் வெளியே வந்தபோது மணி இரண்டு நாற்பத்தொன்று. டொறத்தி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கெஸ்லர் குனிந்து அவளைக் கட்டிப்பிடித்தார். கன்னத்து இதயம் டொறத்தியின் கோட்டில் ஒட்டிக்கொண்டது. மடு மாதாவுக்கு எத்தனை மெழுகுதிரி என்று டொறத்தி மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வக்கீலம்மா தொலைபேசி எடுத்தார். டொறத்தி ஒலிபெருக்கியைப் போட்டாள், கெஸ்லரும் கேட்கட்டும் என்று.

"ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு பிழையும் இல்லை," என்றார் வக்கீலம்மா. "நான் உடனே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு அவர்களோடு பேசினேன். இன்று காலை பத்து முப்பத்தைந்துக்கு லக்ஸனைத் திருப்பி அனுப்ப விமானச் சீட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை, பிராங்பேர்ட்டிலிருந்து. நாளைக்கு அங்கே போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சீட்டுப் போட்ட பிறகு வருகிற ஒப்பந்தம் செல்லாது. சட்டம் அப்படி."

"மூன்று மணி எண்டு... மூன்று மணி என்று சொன்னீர்களே," என்றாள் டொறத்தி.

"அவர்கள் நாளைக்குத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் முடிந்தால் புதன் என்று சொன்னேன். நேற்று இது என் கையில் இருந்திருந்தால் அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இன்றைக்கே நீதிமன்றத்துக்கு எழுதுகிறேன். ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை."

பத்து முப்பத்தைந்து. டூசல்டோர்ஃபில் ரயில் நின்றுகொண்டிருந்தது. நல்ல நேரம் தொடங்கி ஐந்து நிமிடம்.

கெஸ்லர் கதிரையில் உட்கார்ந்தார். வேஷத்தின் சிலுவையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் அக்கோடியன் அடுத்த பாட்டைத் தொடங்கியது. முதியவர்கள் நடுங்கும் குரலில் சேர்ந்து பாடினார்கள்.

"நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்டார் கெஸ்லர். குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை. அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். "நான் காத்திருந்திருப்பேனே. ஏன் புதன் வேண்டாம் என்றீர்கள்?"

டொறத்தி ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்த்தாள். "நேற்று நல்ல நாள் இல்லை."

"உடம்புக்கு முடியவில்லையா?"

டொறத்தி இல்லை என்று தலையாட்டினாள். சேலைத் தலைப்பில் இருந்த பியர்க் கறையைத் தேய்த்தாள்.

தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. வக்கீலம்மா வீட்டுக்கும் சொல்லிவிட்டார். ராசன் அழுதுகொண்டே கத்தினான். முப்பது வருடக் கலியாணத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை.

"அந்த மனிசி பக்கத்திலையோ நிக்கிறா? கேள் அவவை. புதன்கிழமை ஏன் ஏலாதெண்டவ எண்டு கேள். கூத்தாடப் போறதுக்கு ஆயத்தம் செய்தவவோ? ஒரு பெடியன்ரை உயிரெல்லோ. கேளன். ஏன் பேசாமல் நிக்கிறாய்?"

கெஸ்லருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் தன்னைத்தான் ஏசுகிறான் என்பது விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய காலுறை நனைந்து, பெருவிரலில் கிழிந்திருந்ததை டொறத்தி அப்போதுதான் கண்டாள்.

"சித்தப்பா, அவவை ஏசாதையுங்கோ," என்று பின்னால் லக்ஸனின் குரல் கேட்டது. பிறகு தொலைபேசி அவன் கைக்கு வந்தது. "சின்னம்மா, சாப்பிட்டியளோ? அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கோ. எனக்காகக் கொண்டாட்டத்தை விட்டிட்டு வந்தவ. எத்தினை மணிக்கு றெயின்?"

அவன் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் அவள் சொல்லாமலே இருந்திருப்பாள். செத்துப்போகும் வரைக்கும் அரிசி அறைக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருப்பாள்.

"லக்ஸன், அவவிலை பிழையில்லை," என்றாள். "அவ புதன் வரச்சொன்னவ. புதன்கிழமை நவமி எண்டு நான்தான் போகேல்லை. சித்தப்பாட்டை பொய் சொன்னனான்."

கூடத்தில் அக்கோடியனும் கிழவர்களும் ஓயவில்லை. லக்ஸன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் திட்டினால் நல்லது என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை. அறியாப் பிள்ளை கேட்கிற மாதிரி, மெதுவாக ஒன்று கேட்டான்.

"அப்ப இண்டைக்கு என்ன, சின்னம்மா?"

டொறத்திக்குக் கலண்டர் பார்க்கத் தேவைப்படவில்லை.

"தசமி," என்றாள். "நல்ல நாள்."